வேலூரிலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி: கத்திரிக்கு முன் கணவன் மனைவி போய்வர நான்கு நாள் வழிகாட்டி

நானும் என் மனைவியும் முதல் முறை மாமல்லபுரம் போனபோது வேலூரில் விடியற்காலை 5 மணிக்கே பஸ் ஏறிவிட்டோம். பத்து மணி வாக்கில் இறங்கினால், லாட்ஜில் அறை 12 மணிக்குத்தான் என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டே ஐந்து ரதத்துக்குப் போனோம். சுற்றிலும் மணல், மேலே வெயில், மணலிலிருந்து எழும் அனல் வேறு. "ஏங்க, கண்ணு கூசுது, கல்லையே பார்க்க முடியல" என்று முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கல் யானையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த யானைக்கு அப்போது ஒரு முழ அகலம் நிழல் இருந்தது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டோம். புதிதாகக் கல்யாணமான உறவுக்காரப் பிள்ளைகள், உடன் வேலை பார்ப்பவர்கள் என்று நாலைந்து ஜோடிகளுக்கு வழி சொல்லியும் அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் தடுக்குவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் தவறுவதில்லை, எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில்தான் தவறுகிறார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்.

## 1. முதலில் தேதி, பிறகுதான் அறை

மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் இருபது வரை நல்ல காலம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் குழந்தை குட்டிகளோடு கூட்டமும் வந்துவிடும்.

தேதி குறிக்கும்போது மூன்று விஷயங்களைக் காலண்டரில் பாருங்கள்.

ஒன்று, கிழமை. சனி ஞாயிறில் சென்னை முழுக்க கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கும். திங்கள் மதியம் கிளம்பி வியாழன் திரும்புவது போல வையுங்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்தக் கணக்கில் நீங்கள் அங்கே புதன்கிழமை போய்ச் சேருவீர்கள். புனித வெள்ளியும் தமிழ்ப் புத்தாண்டும் வரும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு, மீன்பிடித் தடைக்காலம். நம் பக்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரமாகப் போய்வரும், ஆனால் மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். மீனுக்காகவும் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15க்கு முன்பே போய்விடுங்கள்.

மூன்று, பௌர்ணமி. கிழக்குக் கடற்கரையில் பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் நிலா கடலிலிருந்து எழும். முதலில் செம்பழுப்பாக, அலைக்கு மேல் ஒரு தட்டு போல. இருவராகப் போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஆனால் வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் திரும்பும் வழி திருவண்ணாமலை. கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பௌர்ணமி பயணத்தின் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ வரும்படி வைத்தால், நீங்கள் திரும்பும்போது கூட்டம் கலைந்திருக்கும். சித்ரா பௌர்ணமியில் மட்டும் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

## 2. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

அறை. மாமல்லபுரத்தில் இரண்டு இரவு, புதுச்சேரியில் ஒரு இரவு. புக் செய்வதற்கு முன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், கரண்ட் போனால் ஏசி ஓடுமா மின்விசிறி மட்டுமா, ஜன்னல் எந்தப் பக்கம். நடுப்பகல் முழுவதும் அறையில்தான் இருக்கப் போகிறீர்கள். அதனால் கடல் தெரியும் ஜன்னலைவிட மேற்கு வெயில் அடிக்காத சுவர் முக்கியம். ஒத்தவாடைத் தெருப் பக்கம் தங்கினால் கடலுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் நடந்தே போகலாம்.

அடையாள அட்டை. இருவருடைய அசல் ஆதாரும் கையில் இருக்கட்டும். ஒருவருடையதை மட்டும் எடுத்துவந்து, இன்னொருவருடையதை வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வரவேற்பு மேசை முன்னால் நின்ற ஜோடி ஒன்றை எனக்குத் தெரியும். புதிதாகக் கல்யாணமானவர்கள், அட்டையில் பெயரோ முகவரியோ இன்னும் மாறாமல் இருந்தால், கல்யாணப் பதிவுச் சான்றின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பை. வேலூர் வெயில் காய்ந்த வெயில், வேர்த்தால் உடனே உலரும். கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கும். மானி காட்டும் சூடு வேலூரைவிடக் குறைவாக இருந்தாலும் உடம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு செட் என்று மெல்லிய பருத்தித் துணி எடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். மணலில் உதறக்கூடிய ரப்பர் செருப்பு, குடை, இரண்டு துண்டு, நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட். கடலில் நனைந்த துணிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை. உப்பு ஈரம் மற்ற துணியில் பட்டால் எல்லாமே பிசுபிசுத்துப் போகும்.

சாப்பாடு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளிசோறும் தாங்கும். தயிர்சாதம் இந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். புதுச்சேரியில் சொந்தக்காரர்கள் இருந்தால் ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போகத் தோன்றும். பாகு ஒழுகி பையே வீணாகும், எவர்சில்வர் தூக்கில் இறுக மூடினால் மட்டும் எடுத்துப் போங்கள்.

நுழைவுச் சீட்டு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு, அது அன்றைக்கு மட்டும்தான் செல்லும். ஆன்லைனில் எடுப்பதாக இருந்தால் தேதியை நன்றாகப் பாருங்கள். பலர் மாமல்லபுரம் போய்ச் சேரும் நாளுக்கே எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கப் போவது மறுநாள் காலையில்.

## 3. மதியம் கிளம்புங்கள்

இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "அந்த வெயிலிலா?" என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். காலையில் கிளம்பினால் வழியில் குளிர்ச்சி, இறங்கும் இடத்தில் உச்சி வெயில், கையில் பை, அறையும் கிடைக்காது. பதினொன்றரைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வெயில் நேரம் முழுவதும் பஸ் கூரைக்குக் கீழே கழிந்துவிடும். இறங்கும்போது மாலையாகியிருக்கும், அறையும் தயாராக இருக்கும். பைக்கிலோ காரிலோ போகிறவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கடல் நமக்குக் கிழக்கே இருக்கிறது. மதியம் கிளம்பினால் சூரியன் முதுகுக்குப் பின்னால், திரும்பும்போது காலையில் கிளம்பினால் அப்போதும் முதுகுக்குப் பின்னால்.

பஸ் வழி: வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். மொத்தம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இரண்டு இடத்தில் மாறுவதற்கும் சேர்த்து நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் மாறும்போது "ஒரு அரை மணி நேரம் பட்டுக்கடை பார்த்துட்டுப் போலாமே" என்ற பேச்சு கட்டாயம் வரும். பட்டுக்கடையில் அரை மணி நேரத்தில் எழுந்துவந்தவர் எவரும் இல்லை. அன்றைய மாலை அங்கேயே போய்விடும். அந்த நேரத்தில் கோயில்களும் நடை சாத்தியிருக்கும். காஞ்சிபுரத்துக்கு வேறொரு நாள் தனியாக வாருங்கள், நமக்கு அது பக்கம்தானே.

## 4. முதல் மாலை: கடலும் நிலாவும் மட்டும்

பையை வைத்து, குளித்து, ஒரு டீ. ஐந்தரைக்குக் கடற்கரை. சிற்பம், கோயில் எதுவும் இன்று வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஓடிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், இரண்டு பேரும் களைத்து, இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் கோபித்துக்கொண்டு திரும்புவீர்கள்.

கடலில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நமக்குப் பழக்கம் ஏரியும் கிணறும். பாலாற்றிலும் பெரும்பாலும் மணல்தான். கிணற்றில் நீந்தத் தெரிந்தவர் கடலிலும் நீந்திவிடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. இங்கே கரை சட்டென்று சரியும், முழங்கால் ஆழத்திலிருந்து இரண்டு எட்டில் மார்பளவு வந்துவிடும். கரையில் மோதிய தண்ணீர் திரும்ப ஏதாவது ஒரு தடத்தில் ஒன்றுசேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் அந்தத் தடம். புதியவர்கள் "இங்கே அலை இல்லை" என்று சரியாக அதில்தான் இறங்குகிறார்கள்.

முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் தண்ணீரில் இருந்தால் மற்றவர் கரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. தப்பித்தவறி இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், பலம் தீர்ந்துவிடும். மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அந்தத் தடம் அகலம் குறைந்தது, அதைத் தாண்டினால் அலையே கரைக்குத் தள்ளும். சேலையோடு இறங்குவது இன்னும் ஆபத்து, நனைந்த சேலை காலைச் சுற்றிவிடும்.

## 5. இரண்டாம் நாள் காலை: 6 மணியிலிருந்து பத்து மணிக்குள்

இந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் மேலே சொன்ன ஏற்பாடெல்லாம். இரவு பத்துக்கே படுத்துவிடுங்கள். வரிசை இதுதான்: கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், பிறகு குன்று.

கடற்கரைக் கோயில், காலை 6. திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். கோயில் கிழக்கு பார்த்தது, விடிந்ததும் வெயில் நேராகக் கல்லில் விழும். பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம். ஆயிரத்து முந்நூறு வருட உப்புக்காற்று அதன் சிற்பங்களைத் தேய்த்திருக்கிறது. முகங்களின் மூக்கும் உதடும் மழுங்கி, சோப்பு கரைந்தது போல இருக்கும். சாய்ந்த காலை வெயிலில் மட்டும்தான் அந்தத் தேய்மானத்துக்குள் இருக்கும் வரிகள் நிழலாகத் தெரியும். பத்து மணி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பு.

ஐந்து ரதம், 7.15. ஒன்றரைக் கிலோமீட்டர், ஆட்டோ பிடியுங்கள். கோயில், ரதம் இரண்டையும் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் நிழல் கிடையாது. முக்கால் மணி நேரம் போதும்.

குன்று, 8.15 முதல். இதைக் கடைசியில் வைக்கக் காரணம், மண்டபங்கள் பாறைக்குள் குடைந்தவை, உள்ளே நிழல் உண்டு. அருச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது, அந்த நேரத்திலும் வெளிச்சம் நன்றாக இருக்கும். அங்கே எல்லோரும் யானைகளைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யானையின் பக்கத்தில் கீழே பாருங்கள்: ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும், அதன் காலடியில் எலிகள். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். உள்ளே ஒருவர் பால் கறக்கிறார், மாடு கன்றை நக்குகிறது. நாக்கு கன்றின்மேல் படியும் விதம், மாடு வளர்த்த வீட்டுக்காரருக்குத்தான் முழுசாகப் புரியும். என் மனைவி வீட்டில் முன்பு மாடு இருந்தது. அந்த மண்டபத்தில் அவள் இருபது நிமிடம் நின்றாள், நான் அவசரப்படுத்தவில்லை.

வெண்ணெய்உருண்டைக்கல், வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி மண்டபம் என்று எல்லாம் இதே குன்றில்தான். எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று போகாதீர்கள். கிளம்பும்போதே ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள், அந்த ஒன்றில் மட்டும் மற்றவர் அவசரப்படுத்தக் கூடாது. பத்து மணி ஆனால் எது பாக்கியிருந்தாலும் அறைக்குத் திரும்புங்கள்.

## 6. நடுப்பகலும் மீனும்

பத்திலிருந்து நாலு மணி வரை தூக்கம், பேச்சு, சாப்பாடு. கடற்காற்று பெரும்பாலும் முற்பகல் கழிந்துதான் எழும், அதுவரை புழுக்கம் இருக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஏப்ரலில் நுங்கு வந்துவிடும். கண் இளசாக, அழுத்தினால் தண்ணீர் ததும்புவதாகக் கேட்டு வாங்குங்கள்.

மீன் கடையில் வரிசை முக்கியம்: முதலில் மீனைப் பாருங்கள், பிறகு எடை, பிறகு சமையல் கூலியும் சேர்த்து மொத்த விலை, கடைசியில்தான் "பொரிச்சிடுங்க". இந்த வரிசை மாறினால் பில் வரும்போது பேச்சு வளரும், சாப்பிட்ட ருசியும் போய்விடும். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப மேலே வர வேண்டும். தடைக்காலத்தில் வரும் பெரிய வஞ்சிரம் பலநேரம் ஐஸில் வைத்து வெளியூரிலிருந்து வந்ததாக இருக்கும், மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிறது. அப்போது கரையோரப் படகில் வந்த சங்கராவோ நெத்திலியோ கேட்பது நல்லது.

## 7. இரண்டாம் மாலை: சாளுவன்குப்பம்

நாலரைக்கு ஆட்டோவில் வடக்கே ஐந்து கிலோமீட்டர். போக, அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க, திரும்ப என்று மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வர அங்கே வண்டி எளிதில் கிடைக்காது. புலிக்குகை என்று பெயர் இருந்தாலும் குகை அல்ல, யாளித் தலைகள் வளைந்து சூழ்ந்த ஒரு பாறை மண்டபம். சற்றுத் தள்ளி, 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம். ஊருக்குள் இருக்கும் கூட்டம் இங்கே கிடையாது. இருவரும் சும்மா உட்கார்ந்து பேச இந்தப் பயணத்திலேயே நல்ல இடம் இதுதான் என்பேன்.

## 8. மூன்றாம் நாள்: சதுரங்கப்பட்டினம் வழியாகப் புதுச்சேரி

ஏழு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, கல்பாக்கம் பக்கம் போகும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏறுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. செங்கல் சுவர், கிடங்குகள், உள்ளே டச்சுக் கல்லறைகள். கல்லறைக் கற்களில் எழுத்தையும் உருவங்களையும் மிக நுணுக்கமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதி பூட்டியிருந்தால் காவலரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். வேலூர்க் கோட்டையின் அகழியையும் கருங்கல் மதிலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சின்னதாகத் தெரியும். ஒரு மணி நேரம் கொடுங்கள், காலையில் போய் மதில்மேல் காற்று வாங்கினால் பிடித்துவிடும்.

அங்கிருந்து பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை. புதுச்சேரி பஸ் அங்கே ஏறுங்கள். சதுரங்கப்பட்டினத்தை விட்டுவிட்டு மாமல்லபுரத்திலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சென்னையிலிருந்து வரும் புதுச்சேரி பஸ்கள் ஊருக்குள் இருக்கும் பஸ் நிலையத்துக்கு வராமல் பைபாஸிலேயே நின்று போய்விடும். எங்கள் உறவுக்காரப் பையனும் அவன் மனைவியும் ஊருக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தார்கள், டீக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆட்டோவில் பைபாஸ் போய்விடுங்கள்.

வழியில் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை உண்டு. பஸ்ஸில் போகிறவர்கள் விட்டுவிடலாம், சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். சொந்த வண்டி இருந்தால் மட்டும் நில்லுங்கள். மரக்காணம் வரும்போது உப்பளங்கள் தெரியும். கோடை என்பதால் வேலை மும்முரமாக இருக்கும், வெள்ளைக் குவியல்கள் கண்ணைப் பறிக்கும்.

## 9. புதுச்சேரியில் ஒரு மாலை, ஒரு காலை

மதியம் அறை, ஓய்வு. மூன்று மணிக்கு அருங்காட்சியகம், வெயில் நேரத்தைக் கூரைக்குக் கீழே கழிக்க அதுவே வழி. அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் அங்கே பார்க்கலாம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோம வணிகத்தின் தடயங்களை உறுதிசெய்த இடம் அரிக்கமேடு. நேரே அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் மரங்களையும் கொஞ்சம் செங்கல் சுவரையும் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். முதலில் அருங்காட்சியகம், பிறகு ஆசை இருந்தால் மறுநாள் காலை அரிக்கமேடு.

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் போய் நடங்கள். இங்கே மணலுக்குப் பதில் பெரும்பாலும் கருங்கல் குவியல்தான். படமெடுக்க அந்தக் கற்களில் இறங்காதீர்கள், பாசி வழுக்கும், இடுக்கில் கால் சிக்கும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் இரண்டு ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். வண்டியில் ஏற்கனவே இருக்கும் கீறல்களை அவர்கள் கண் முன்னால் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் பழைய கீறலுக்கு எங்களிடம் காசு கேட்டார்கள், படம் இருந்ததால் தப்பித்தோம்.

## 10. திரும்பும் நாள்

ஒன்பது மணிக்குள் பஸ் ஏறுங்கள். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாக வேலூர். 190 கிலோமீட்டர் பக்கம், ஐந்து ஐந்தரை மணி நேரம். நேர் பஸ் இல்லையென்றால் திருவண்ணாமலையில் மாறிக்கொள்ளலாம். செஞ்சிக் கோட்டை ஜன்னலில் தெரியும்போது இறங்கத் தோன்றும். பாறை மலை, பகல் வெயில், கையில் பை. மார்கழியில் வாருங்கள்.

நண்பர்கள் கேட்டார்கள் என்று புதுச்சேரியிலிருந்து மது பாட்டில் எடுத்து வராதீர்கள். எல்லையில் சோதனைச் சாவடி உண்டு, பிடித்தால் வழக்கு. உடன் வரும் மனைவியையும் காவல் நிலையத்தில் உட்கார வைக்க வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்ததும் கடலில் நனைந்த துணியை நேராக வாஷிங் மெஷினில் போடாதீர்கள். முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு அலசிவிடுங்கள், உப்பும் மணலும் அடியில் தங்கும். குடைக் கம்பியையும் கண்ணாடிச் சட்டத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், விட்டால் ஒரு வாரத்தில் துரு பிடித்துவிடும்.